இன்னொரு தடவை சொல்லுங்க சார்

என் மேஜை இழுப்பறையில் ஒரு ஃபோம் துண்டு இருக்கிறது. ஒன்றரை அடி நீளம், மூன்று அங்குல உயரம். மெத்தை தைக்கும் கடையில் கழிவாகக் கிடந்ததை இருபது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அதன் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் அங்குலத்துக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் போட்டிருக்கிறேன். இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகக் கட்டுகள் மேல் வைத்து நடுவில் விரலால் அழுத்தினால், கோடுகள் மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விலகும். நடுவில் ஒரு மட்டத்தில் மட்டும் நெருங்கவும் செய்யாது, விலகவும் செய்யாது. சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. மாணவர்கள் எஸ்.ஓ.எம். என்பார்கள். அந்தப் பாடத்தில் பாதி இந்தத் துண்டுக்குள் இருக்கிறது.

வகுப்பில் இதைக் காட்டும்போது ஒரு சிக்கல் வரும். அறுபது பேர் உட்காரும் அறையில் மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் கோடு தெரியாது. துண்டைச் சுற்றுக்கு விட்டால், கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் கரும்பலகையில் அடுத்த சமன்பாட்டில் இருப்பேன். கடைசி பெஞ்சுப் பையன் அதை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் கொடுப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் கையில் கிடைத்தது வெறும் ஃபோம்தான். ஒருநாள் அதே துண்டைச் செல்போன் கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அழுத்தி, நாற்பது நொடி படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அறுபது பேரும் முதல் பெஞ்சுக்கு வந்த மாதிரி ஆயிற்று. மறுநாள் நாலைந்து பேர், “சார், நடுக்கோடு மாறவே இல்லையே, அதுதான் நியூட்ரல் ஆக்ஸிஸா?” என்று கேட்டார்கள். நான் அந்த வார்த்தையை அதுவரை வகுப்பில் சொல்லியிருக்கவில்லை. புத்தகத்தில் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

நான் பதினாறு வருஷமாகக் கற்பிக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து மோதுகிற பகுதியில் எங்கள் கல்லூரி. சன்னலைத் திறந்தால் காற்றாலைகள் தெரியும். வீடியோவைப் பற்றி எனக்கு முன்பு பெரிய எண்ணம் எதுவும் இருந்ததில்லை. 2020 மார்ச்சில் எல்லாக் கல்லூரிகளையும் போல நான் அப்போது இருந்த கல்லூரியும் மூடியபோதுதான் வேறு வழியில்லாமல் உள்ளே இறங்கினேன். கூகுள் மீட்டில் வட்ட வட்டமாகப் பெயரின் முதல் எழுத்துகள் மட்டும் தெரியும். ஆளைப் பார்க்க முடியாது. “கேக்குதாப்பா?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருத்தர் “கேக்குது சார்” என்று எழுதுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலிருந்து வரும் ஒரு பையன், ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதி ஏறி உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும் என்று அங்கிருந்தே வகுப்பைக் கவனித்தான். மழை வந்தால் அவனுக்கு வகுப்பு கிடையாது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா கொடுத்தது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளியில் வாங்கிய இலவச லேப்டாப் பல வீடுகளில் இருந்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த வருஷத்தையே தொலைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் நடந்த ஒரு விஷயம்தான் இதை எழுத வைக்கிறது. நேரடி வகுப்பைப் பதிவு செய்து அப்படியே போட்டுவிடுவேன். வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். முதல் வருஷம் முழுக்க ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. இன்டர்னலில் இருபது, இருபத்திரண்டு என்று வாங்குவாள். அந்த செமஸ்டர் திடீரென்று நாற்பதைத் தாண்டினாள். கல்லூரி திறந்த பிறகு, என்னம்மா படித்தாய் என்று கேட்டேன். உத்திரத்தை வளைக்கிற திருப்புத்திறனான பெண்டிங் மொமெண்ட் வருகிற இடத்தைப் பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தாளாம். “வகுப்புல இன்னொரு தடவை சொல்லுங்க சார்னு ஒரு தடவைதான் சார் கேக்க முடியும். ரெண்டாவது தடவை கேட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. போன் திரும்பிப் பார்க்காதுல்லா.”

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்தது. பதினோரு தடவை கேட்டால்தான் புரியும் என்ற நிலையில் இருந்த ஒரு பிள்ளைக்கு நான் அத்தனை வருஷமாக ஒரு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டதும் வகுப்பே ‘புரிஞ்சுது சார்’ என்று ஒரே குரலில் சொல்லும், நானும் பலகையை அழித்துவிடுவேன். அவளும் அந்தக் குரலில் சேர்ந்துதான் சொல்லியிருப்பாள். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அவளைப் போன்ற பிள்ளைகள் இப்போது கூடுதலாக வருகிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள். பன்னிரண்டு வருஷம் ‘விசை’, ‘திருப்புத்திறன்’ என்று படித்துவிட்டு, ஒரு கோடை விடுமுறை முடிந்ததும் ‘ஃபோர்ஸ்’, ‘மொமெண்ட்’ என்று மாறச் சொன்னால் அந்த மாற்றத்துக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். வகுப்பில் அந்த நேரம் கிடையாது.

வீடியோவில் பாடம் என்பது நேற்று வந்த விஷயமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் ‘கண்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ தொடங்கியது. மதிய நேரத்தில் வரும். எங்கள் வீட்டுக்கு டிவி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காகக் காத்திருக்கும் நாங்கள், வார நாளில் வேறு எதுவும் ஓடாததால் அதையும் பார்ப்போம். ஆங்கிலத்தில் யாரோ ஒருவர் செல் பிரிவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். புரியாது. ஆனால் செல் இரண்டாகப் பிரிவதைப் பெரிதாக்கிக் காட்டிய படம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதற்காகவே பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் வந்தன. தமிழ்நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 அன்று வளாகத்துக்குள்ளேயே ஒரு பண்பலை வானொலியும் ஆரம்பித்தது. நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான்.

அப்புறம் என்.பி.டெல்., பொறியியல் பாடங்களை வீடியோவாகத் தரும் திட்டம். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இணையத்தில் ஒரு மணி நேர வீடியோவைப் பார்ப்பதென்றால் அரை நாள் ஆகும். கல்லூரிகள் மொத்தப் பாடங்களையும் ஹார்ட் டிஸ்கில் வாங்கி வைத்துக்கொள்ளும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அந்த ஹார்ட் டிஸ்க் நூலகப் பீரோவில் பூட்டியிருந்தது. சாவி ஒருவரிடம், கையெழுத்துப் போடும் நோட்டு இன்னொருவரிடம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் மணிக்கணக்காக நடத்திய பாடங்கள் அந்தப் பீரோவுக்குள் சும்மா கிடந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்கிய பிறகுதான் பையன்கள் அவற்றை யூடியூபில் தாங்களாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பீரோவின் சாவி யாரிடம் இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது.

சரி, நான் எப்படி எடுக்கிறேன் என்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் இருக்கையில் காற்றுப் போவதற்கு ஓட்டை இருக்குமில்லையா, அந்த ஓட்டைக்கு மேல் போனைத் திரை மேலே தெரியும்படி வைத்தால் பின்பக்கக் கேமரா கீழே பார்க்கும். ஸ்டூலுக்கு அடியில் வெள்ளைத் தாள். பக்கத்தில் ஒரு மேஜை விளக்கு. சட்டையில் மாட்டும் மைக், எண்ணூறு ரூபாய். ஃபேனை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் மைக்கில் ஃபேன்தான் பாடம் நடத்தும். ஆனி ஆடியில் ஃபேனை நிறுத்தினாலும் பயனில்லை, வெளியே காற்று கதவைப் பிடித்து ஆட்டும். அந்த இரண்டு மாதமும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல், பீரோவைத் திறந்து தொங்கும் துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். கணினியில் எழுதிக் காட்ட வேண்டியதற்கு ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். விலை உயர்ந்த ஸ்டூடியோ அறை கட்டினால்தான் வீடியோ எடுக்க முடியும் என்று நினைக்கிற நிர்வாகங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கட்டி, ரிப்பன் வெட்டி, ஏ.சி. போட்டு, பூட்டிவிடுவார்கள். மறுபடியும் சாவி ஒருவரிடம், நோட்டு ஒருவரிடம்.

ஆரம்பத்தில் ஐம்பது நிமிஷ வகுப்பை ஐம்பது நிமிஷ வீடியோவாகவே போட்டேன். யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை வைத்து பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும் மாணவர்கள் நிற்பது பெரும்பாலும் ஆறு நிமிஷத்துக்குள்தான் என்று அதில் வந்தது. பளபளப்பான ஸ்லைடைவிட, கையால் எழுதிக்கொண்டே சொல்லும் வீடியோவை ஆட்கள் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள் என்றும் இருந்தது. இதைப் படித்த பிறகு ஒரு வீடியோவுக்கு ஒரு சந்தேகம் என்று வைத்துக்கொண்டேன். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம், மிஞ்சினால் ஒன்பது. தமிழில் பேசுவேன், பாடச் சொல்லை ஆங்கிலத்தில் சொல்லித் தாளில் எழுதிக் காட்டுவேன். தேர்வில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும். ‘உத்திரம், அதாவது பீம்’ என்று முதல் முறை, அப்புறம் பீம் என்றே போய்விடுவேன்.

யூடியூபில் வீடியோ போடுகிறவருக்கு மட்டும் ஒரு வரைபடம் தெரியும். எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடு. பொதுவாக அது சரிவில் இறங்கிக்கொண்டே போகும். யாராவது பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தால் அந்த இடத்தில் கோடு மேலே ஏறும். உத்திரத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசைதான் ஷியர் ஃபோர்ஸ். அதன் பிளஸ், மைனஸ் குறியீட்டைப் பற்றிய என் வீடியோவில் 3:40இல் ஒரு மேடு இருந்தது. சின்ன மேடு இல்லை, ஊருக்குள் திடீரென்று வரும் வேகத்தடை மாதிரி. மூன்று செட் மாணவர்கள் பார்த்த பிறகும் அதே இடத்தில் நின்றது.

அந்த இடத்தை நானே ஓட்டிப் பார்த்தேன். “வெட்டின இடத்துக்கு இடதுபக்கம் விசை மேலே போனா பிளஸ், வலதுபக்கம் கீழே போனா பிளஸ்” என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது வலதுபக்க அம்புக்குறியை வரைகிறேன். வரைகிற கை அந்த அம்புக்குறியையே மறைக்கிறது. கையை எடுப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இதைப் பார்க்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பலகையிலும் நான் அப்படித்தான் நின்றிருப்பேன், உடம்பால் அம்புக்குறியை மறைத்துக்கொண்டு. பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட ‘சார், தெரியலை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று அந்த இடத்தில் சொன்னதில்லை. சொல்லத் தயங்கியிருப்பார்கள், இல்லையென்றால் தங்களுக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். அந்த மேடு சொன்னது.

அட்டையில் இரண்டு அம்புக்குறிகள் வெட்டினேன். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இந்தத் தடவை வரையவில்லை, அட்டையைத் தாளில் வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்துவிட்டேன். ஒன்றைச் சொல்லி, நாலு நொடி பேசாமல் இருந்து, பிறகு அடுத்ததைச் சொன்னேன். பேசாமல் இருக்கும் அந்த நாலு நொடி எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

இனி சொல்லப் போவது எனக்கு ரொம்பப் பிடித்தமான விஷயம். ஃபோம் துண்டு வீடியோவில் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தேன். இரண்டு பக்கமும் சுவர் தாங்கும் உத்திரத்தில் கீழ்ப்பக்கம்தான் இழுபடுகிறது. கான்கிரீட்டுக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுப்பைத் தாங்கத் தெரியாது. அதனால் கம்பி கீழே. சன்ஷேடு அப்படியில்லை. ஒரு முனை மட்டும் சுவரில், மறுமுனை அந்தரத்தில். அங்கே மேல்பக்கம் இழுபடும், அதனால் கம்பி மேலே. இந்த வீடியோவை ஒரு மாணவன் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் அப்பாவும் எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் கம்பி கட்டுகிறவர். முப்பது வருஷ வேலை. பையனிடம் போனை வாங்கி மூன்று தடவை பார்த்தாராம். பிறகு எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறார்.

“சார், சன்ஷேடுக்குக் கம்பி மேல கெடக்கணும்னு நான் சின்னப் பிள்ளையா வேலைக்குப் போகும்போதே மேஸ்திரி சொல்லிக் குடுத்தாரு. ஏன்னு கேட்டா வைவாரு. இதுக்குத்தானா சார் அது?”

“இதுக்குத்தான் அண்ணாச்சி.”

“அப்ப நாங்க சிலாப்ல சொவரு கிட்ட கம்பிய மேல தூக்கி கிராங்க் அடிக்கோமே, அதுவும் இதானா?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவரைத் தாண்டியும் தொடர்ந்து போகும் தளம், சுவர் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சன்ஷேடு போல மேல்பக்கம் இழுபடும் என்பதை நான் வகுப்பில் இன்னும் சொல்லவே இல்லை. கோடு போட்டு, வரைபடம் வரைந்து, மூன்று வகுப்பு எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயத்தை அவர் போனிலேயே தொட்டுவிட்டார். ஆமாம் அண்ணாச்சி, அதேதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நல்லது சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். பையன்தான் போனில் படம் பிடித்தான். வீடியோவில் அவர் முகத்தைவிடக் கைகள்தான் கூடுதலாக வரும். சாவி என்று அவர்கள் சொல்லும் வளைப்புக் கருவியை மாட்டிக் கம்பியை வளைக்கிறார். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, கொக்கியை விட்டு இரண்டு முறுக்கு முறுக்குகிறார். ஒரு முடிச்சுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. சன்ஷேடு கம்பியைக் காட்டி அவர் சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அழுத்திப் படித்ததில்லை: “கம்பிய மேலதான் கட்டிருப்போம் சார். கான்கிரீட் போட வர்றவங்க அது மேலயே ஏறி நடப்பாங்க. மிதிச்சு மிதிச்சு கீழ எறக்கிருவாங்க. வெளிய பாத்தா தெரியாது. பொறவு ஒரு நாள் விழும். அதுக்குத்தான் சேர் வைக்கணும்.” சேர் என்றால் மேல்கம்பியைத் தாங்கி நிற்க வளைத்து வைக்கும் சின்னக் கம்பி. அதை வைத்து ஏறி மிதித்தும் காட்டினார். கம்பி இறங்கவில்லை. அடுத்து சேரை எடுத்துவிட்டு மிதித்தார். இரண்டு விரல் அளவு இறங்கிவிட்டது. இந்த வீடியோ எட்டு நிமிஷம். என் வீடியோக்களிலேயே அதிகம் பார்க்கப்பட்டது அதுதான். எங்கள் மாணவர்கள் மட்டும் பார்த்து வருகிற எண்ணிக்கையில்லை அது. கட்டட வேலை செய்கிறவர்களுக்குள்ளே யாரோ சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது அந்த மாணவன் முதல் தடவையாக முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவன். அன்றைக்கு மூன்று பேர் அவனிடம் வந்து, உங்க அப்பாகிட்ட ஒரு நாள் வேலையிடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுடா என்று கேட்டதைப் பார்த்தேன்.

காது சரியாகக் கேட்காத ஒரு மாணவி போன வருஷம் சேர்ந்தாள். கருவி வைத்திருந்தாள். வகுப்பில் நான் பலகையின் பக்கம் திரும்பிவிட்டால் அவளுக்கு உதடு தெரியாது, பாடம் போய்விடும். என் வீடியோவிலோ உதடே கிடையாது, கையும் தாளும்தான். அவளுக்கு அது முழுக்க ஊமைப்படம். இது எனக்குத் தோன்றவே இல்லை, அவளே வந்து சொன்னாள். அமெரிக்காவில் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2017இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அவற்றில் பலவற்றுக்குப் பேச்சைத் திரையில் காட்டும் எழுத்து வரி இல்லை, காது கேளாதவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று புகார் போய், அந்நாட்டு அரசின் நீதித்துறையும் அதை உறுதிசெய்த பிறகு நடந்தது அது. எழுத்து வரி சேர்ப்பதற்குப் பதிலாக எல்லாருக்கும் மூடிவிட்டார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் வகுப்பில் ஆறு பேர் முன்வந்தார்கள். ஆளுக்கு நாலு வீடியோ என்று பிரித்துக்கொண்டு தமிழில் தட்டச்சு செய்தார்கள். ஒரு நிமிஷ வீடியோவுக்குப் பத்து நிமிஷ வேலை. அதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. தட்டச்சு செய்த ஆறு பேருக்கும் அந்தப் பாடம் தலைகீழாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் சத்தத்தை அணைத்துவிட்டு எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்கிறார்கள்.

வீடியோவின் பேரில் நடக்கும் தவறான காரியங்களையும் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், கொரோனா முடிந்ததும், “எல்லாப் பாடத்தையும் பதிவு பண்ணிக் கொடுங்க” என்றார்கள். ஆசையாகக் கொடுத்தேன். அடுத்த செமஸ்டரில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி, நூற்றிருபது பேரை அரங்கத்தில் உட்கார வைத்து, திரையில் என் வீடியோவை ஓட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு பாடம் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து அறையில் நான் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் நடத்திக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் கேட்கும். நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கத்தான் அதை எடுத்தேன். நூற்றிருபது பேர் ஒரே திரையில் பார்க்கும்போது எந்தப் பிள்ளை எழுந்து ‘பின்னால் ஓட்டுங்க’ என்று சொல்லும்? வகுப்பறையில் இருந்த அதே வெட்கம் அப்படியே இங்கேயும் வந்துவிட்டது, சந்தேகம் கேட்க ஆள்கூட இல்லாமல். அங்கிருந்து நான் விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்.பி.டெல். 2014இலிருந்து சான்றிதழ் கொடுக்கிறது. படிப்பது இலவசம், தேர்வு எழுத வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டணம். வாராவாரம் வரும் அசைன்மெண்டுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. நல்ல ஏற்பாடு. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல், ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம் வழியாகப் படிக்கலாம் என்று உயர்த்தியது. உடனே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கைக்கு ஓட்டம் ஆரம்பமாகிவிட்டது. பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்க்கிறார்கள், அசைன்மெண்ட் விடைகள் டெலிகிராம் குழுவில் ஞாயிறு இரவே வந்துவிடுகின்றன, வீடியோவைத் திறப்பதே இல்லை. பிள்ளைகளைத் திட்டி என்ன செய்வது? எதற்காகப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் பாடங்கள் பதிவு செய்த வீடியோக்கள்தான், ஆனாலும் சந்தேகம் தீர்க்க நேரலை வகுப்புகள் உண்டு, தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அந்த இரண்டையும் விட்டுவிட்டு வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மறுபடி அந்த நூலகப் பீரோதான்.

வளாக வாழ்க்கையே இப்போது போனுக்குள் போய்விட்டது. சர்க்குலர் வாட்ஸ்அப்பில், வருகைப்பதிவு கியூஆர் கோடில், சிம்போசியம் பதிவு கூகுள் ஃபார்மில், ஹாஸ்டல் மெனுவுக்கு ஒரு குழு, பஸ் தாமதத்துக்கு ஒரு குழு. இவற்றில் பல வசதிதான். ராத்திரி பதினோரு மணிக்கு ‘நாளை காலை 8.30க்குள் சமர்ப்பிக்கவும்’ என்று வரும் செய்தியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போன் எப்போதும் கையில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் எப்போதும் நம் கையில் இருக்க வேண்டுமா? எங்கள் துறையில் இரவு எட்டு மணிக்கு மேல் குழுவில் எதையும் போடுவதில்லை என்று பேசி முடிவு செய்தோம். என் வீடியோவை ராத்திரி ஒன்றரை மணிக்குப் பார்க்கிறார்கள் என்பது எண்களில் தெரியும். அது அவர்களாகத் தேர்ந்தெடுத்த நேரம், அதில் நான் தலையிட மாட்டேன்.

வகுப்பை நடத்தும் முறையும் மாறிவிட்டது. முன்பு ஐம்பது நிமிஷமும் நான்தான் பேசுவேன். இப்போது முதல் நாளே வீடியோ போய்விடுகிறது. வகுப்பில் பத்து நிமிஷம் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கணக்கைக் கொடுத்துவிடுவேன். பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். பார்க்காமல் வருகிறவர்கள் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களைப் பின்னால் உட்கார வைத்து, பார்த்தவர்களில் ஒருவரை விட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்வேன். சத்தமாக இருக்கும். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்தப் பிள்ளை நோட்டில் மொமெண்ட் வரைபடத்தை எந்த இடத்தில் தப்பாக ஆரம்பிக்கிறாள் என்பது தெரிகிறது. அதை எந்த யூடியூப் கோடும் காட்டாது.

அட்டை அம்புக்குறி வைத்து மறுபடி எடுத்த வீடியோவைப் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. நேற்று இரவு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். 3:40இல் மேடு இல்லை. கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்குள்ளே அவ்வளவு சந்தோஷம், வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் 5:10இல் புதிதாக ஒரு மேடு முளைத்திருக்கிறது. ஷியர் பூஜ்யமாகும் இடத்தில் மொமெண்ட் ஏன் உச்சத்துக்குப் போகிறது என்று நான் சொல்கிற இடம். நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன், கை எதையும் மறைக்கவில்லை, வேகமாகவும் பேசவில்லை. எனக்குத் தெளிவாகத்தான் தெரிகிறது. அப்படியென்றால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. நாளைக்கு மூன்றாவது பீரியட் அவர்களுக்குத்தான். ஃபோம் துண்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன், கேட்டுப் பார்க்க வேண்டும்.